ஃபோம் ஒட்டினால் சத்தம் நிற்குமா?

வீட்டில் ஓர் அறையைப் பாட்டுப் பயிற்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒதுக்குவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மகள் வயலின் பழகுகிறாள். பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். 'சவுண்ட்ப்ரூஃப் ஃபோம்' 48 துண்டு வாங்கினால் ஓர் அறைக்குப் போதுமா?

பதில்: வாங்காதீர்கள். எத்தனை துண்டு ஒட்டினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கத்தான் செய்யும். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. வயலினில் தந்திகளைத் தாங்கும் 'குதிரை'யில் மாட்டுகிற, சத்தத்தை அடக்கும் கனமான ரப்பர் மியூட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், விலையும் குறைவு. நாதம் மங்கும் என்பதால் தினமும் கொஞ்ச நேரமாவது அதைக் கழற்றிவிட்டு வாசிக்கட்டும். அந்த நேரம் எது என்று பக்கத்து வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறையை முழு சவுண்ட்ப்ரூஃப் ஆக்கித் தருவதாக ஒரு கான்ட்ராக்டர் மொத்தப் பணத்தையும் முன்பே வாங்கினார். நாலு சுவரிலும் ஃபோம் ஒட்டி, கீழே கம்பளம் விரித்துவிட்டுப் போனார். வெளியே ஒரு மாற்றமும் இல்லை. கேட்டால், "உள்ளே எதிரொலி குறைந்திருக்கிறதே" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம். தவறு உங்கள் மேல் இல்லை. இந்தத் தொழிலில் பரவலாக நடக்கிற ஏமாற்று இது. எனக்கும் நடந்திருக்கிறது. முதன்முதலில் பயிற்சிக்கு ஓர் அறை தயார் செய்தபோது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியை ஃபோமில் போட்டேன். ஒட்டி முடித்த அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். முந்தின நாள் கேட்டது போலவேதான் கேட்கிறது என்றார்.

அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை, சத்தம் வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை. முதலாவதுக்கு மெத்தென்ற பொருள் உதவும். இரண்டாவதுக்கு எடை வேண்டும், காற்று புகாத அடைப்பு வேண்டும், அதிர்வு தாண்டாத இடைவெளி வேண்டும். பாதிச் செங்கல் கனமுள்ள சுவரே சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் வரும். 5 செ.மீ. ஃபோம் ஒன்றரை கிலோகூடத் தேறாது. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால்தான் சத்தம் சுமார் 5-6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். சத்தம் பாதியானது போலக் காதுக்குத் தெரியவே சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். இந்தக் கணக்கில் ஃபோமுக்கு இடமே இல்லை.

எதிரொலியிலும் மெல்லிய ஃபோம் பாதி வேலைதான் செய்யும். 100 ஹெர்ட்ஸ் அளவிலான அடித்தொனி ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். 2.5 செ.மீ. ஃபோம் அதை என்ன செய்துவிடும்? கூர்மையான ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு அடித்தொனியை அப்படியே விட்டுவிடும். பதிவு குடத்துக்குள் பாடினது போல இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் தருவது தீ. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில், சத்தம் குறைப்பதற்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு, 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியாவில் 'கிஸ்' விடுதியிலும் கூரை ஃபோமில்தான் தீப்பற்றியது. 242 உயிர்கள். தீத்தடுப்புச் சோதனைச் சான்று இல்லாத ஃபோமைப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடுகிற அறையில் ஒட்டிவிட்டுப் போகிறவர் வெறும் பணத்தை மட்டும் திருடவில்லை.

சரி, இனி என்ன செய்வது? அவருடைய விளம்பரம், 'முழு சவுண்ட்ப்ரூஃப்' என்று எழுதிய செய்தி, பணம் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அறைக்குள் ஒரே அளவில் பாட்டை ஓடவிட்டு, கதவுக்கு வெளியேயும் பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறமும் வீடியோ எடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கெடு கொடுங்கள். அது தாண்டினால் நுகர்வோர் புகார்தான். எதிரொலி குறைந்தது என்று அவர் சொல்வது உங்களுக்குத்தான் சாதகம். ஒப்புக்கொண்டது ஒரு வேலை, செய்தது வேறு என்று அவரே சொல்கிறார்.

அடுத்து யாரைக் கூப்பிட்டாலும், எந்த இடத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபல் குறையும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, கடைசித் தவணையை அளந்து பார்த்த பிறகு கொடுங்கள். பழைய சுவரைத் தொடாமல் தனிச் சட்டகம், நடுவில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), மேலே இரட்டை ஜிப்சம் போர்டு என்று பேசுகிறவருக்கு வேலை தெரியும்.

கேள்வி: முட்டை அட்டை?

பதில்: எடையும் இல்லை, தீயும் பிடிக்கும். வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவர் நல்ல கனம். அப்படியும் கதவைச் சாத்திப் பாடினால் கூடம் முழுக்கக் கேட்கிறது.

பதில்: சுவரை விடுங்கள், கதவைப் பாருங்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, சுவர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே விளக்கைப் போடுங்கள். கதவைச் சுற்றி வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் சத்தம் போகிற வழி. சுற்றிலும் ரப்பர் பீடிங், கதவடியில் மூடும்போது தானே இறங்குகிற சீல் போடுங்கள். கதவு உள்ளே பொள்ளலாக இருந்தால் கெட்டியான கதவாக மாற்றுங்கள். கடையில் கதவின் எடையைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: சவுண்ட்ப்ரூஃப் பெயின்ட் ஆறு டப்பா வாங்கி அடித்தேன். பலனில்லை. பில் வாங்கவில்லை, டப்பாக்களையும் தூக்கிப் போட்டுவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஒரு மில்லிமீட்டர்கூட வராத பூச்சு சத்தத்தை நிறுத்தும் என்று எப்படி நம்பினீர்கள்? ஒரு டப்பாவை ஒரு சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற ஐந்தை வாங்கியிருக்கலாமே? பில்லாவது வாங்கியிருந்தால் பேச வழி இருந்திருக்கும்.

கேள்வி: கீழ்வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினோம். ஹெட்ஃபோனில்தான் வாசிக்கிறான். ஆனாலும் 'தொம் தொம்' என்று கேட்கிறதாம்.

பதில்: அது கால் பெடலின் இடி. காற்றில் போகவில்லை, தரை வழியாக இறங்குகிறது. இரண்டு தடித்த பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாகக் குழி வெட்டி உட்கார வைத்து, அந்த மேடைமேல் டிரம்ஸை வையுங்கள். முழுவதும் போகாது, ஆனால் நன்றாகக் குறையும். விற்ற கடைக்காரர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: மைக்குக்குப் பின்னால் நிறுத்துகிற வளைந்த ஃபோம் தடுப்பு வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். இப்போது பரண்மேல் கிடக்கிறது. பாடுவதற்குப் பலரும் வைத்திருக்கும் கார்டியாய்ட் மைக் முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் அதற்குக் காது மந்தம். மந்தமான பக்கத்தை மறைத்து என்ன பயன்? பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் கனமான ரஜாய் தொங்கவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். செலவே இல்லை.

கேள்வி: ஜன்னல், இடுக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். சத்தம் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் தலை கனக்கிறது.

பதில்: அடைத்த அறையில் நீங்கள் விடும் மூச்சே தேங்குகிறது. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. காற்று உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு வழி வேண்டும். ஒவ்வொன்றையும் உள்ளே ராக்வூல் வைத்துத் துணியால் மூடிய, வளைந்து வளைந்து போகும் மரப்பெட்டி வழியாக விடுங்கள். காற்று திரும்பித் திரும்பிப் போய்விடும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் தேயும். மெதுவாகச் சுற்றுகிற சத்தமில்லாத ஃபேன் ஒன்றை வெளியேறும் வழியில் பொருத்துங்கள். அந்த வேலை முடிகிறவரை அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.