செயின்ட் ஜஸ்ட்டில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கார்ன்வாலின் மேற்கு முனையில், பென்சான்ஸ் நகரிலிருந்து சுமார் ஏழு மைல் தள்ளி இருக்கிறது செயின்ட் ஜஸ்ட். இங்கிலாந்துப் பெருநிலத்தின் மேற்கோரத்தில் உள்ள நகரம் இதுதான். நூற்றாண்டுகளாக வெள்ளீயமும் செம்பும் தோண்டிய பகுதி. பக்கத்துப் பெண்டீனில் இருந்த கடைசிச் சுரங்கம் கீவர், 1990இல் மூடப்பட்டது. 2006இல் இந்தக் கடலோரம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தக் கோடைக்கு அங்கே போவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

நாங்கள் ஐந்து பேர். 9, 6 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் நோவோட அம்மம்மாவும் வாறா. ஆகஸ்ட்டில ஒரு கிழமை நிக்க யோசிக்கிறம். காரிலயா ரயிலிலயா போறது? வீடு எடுக்கேக்க என்னத்தைப் பார்க்கோணும்?
– ஹாரோ வாசகி

முதலில் வீடு. அங்கே வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல, சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த கருங்கல் வீடுகள். பார்க்க அழகு. ஆனால் மாடிப்படி செங்குத்து, படியின் அகலம் பாதத்துக்கே போதாது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் இருக்கும், சில வீட்டில் அதுவும் இராது. குளியலறை மாடியில் மட்டும் இருந்தால் அம்மம்மாவுக்கு ஒரு வாரமும் தண்டனைதான். படங்களை நம்பாமல் வீட்டுக்காரரிடம் நாலு கேள்வி எழுதிக் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் படுக்கையும் கழிப்பறையும் உண்டா? படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா? கார் நிறுத்த வீட்டுக்கென்று தனி இடமா, தெருவிலா? வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்குமா? இந்தச் சுவர்களின் தடிப்புக்கு அலைபேசி பெரும்பாலும் ஜன்னல் ஓரத்தில்தான் பேசும். வைஃபை இல்லாத வீட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். அதனால் அன்று மேற்கே போகிற கார் எல்லாம் எம்5, ஏ30 சாலைகளிலேயே நிற்கும். லண்டனிலிருந்து சாதாரண நாளில் ஆறு மணி நேரம் பிடிக்கிற வழி, ஆகஸ்ட் சனிக்கிழமையில் ஒன்பது ஆனாலும் ஆச்சரியமில்லை. விடியற்காலை ஐந்துக்கு முன் கிளம்புங்கள். அல்லது வெள்ளி மாலையே புறப்பட்டு எக்ஸிட்டர் பக்கம் இரவு தங்கிவிடுங்கள்.

ரயில் என்றால் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு நேர் வண்டி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். சனி தவிர மற்ற இரவுகளில் படுக்கை வண்டியும் உண்டு. ஒரு அறையில் இரண்டு படுக்கைதான், எனவே உங்களுக்கு மூன்று அறை வேண்டிவரும். அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்தால் பெரியவர்கள் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் டிக்கெட்டில் 60 சதவீதமும் குறையும்.

எங்கள் கருத்து: பென்சான்ஸ் வரை ரயில், அங்கே ஒரு வாரத்துக்கு வாடகைக் கார். செயின்ட் ஜஸ்ட்டுக்கு பஸ் இருக்கிறது, ரயில் நிலையத்தை ஒட்டியே புறப்படும். பிள்ளைகளோடு மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் கடற்கரைகள் எல்லாம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இறக்கத்தில் இருக்கின்றன. இறங்குவதை விடத் திரும்பி ஏறுவதுதான் முழங்காலைக் கொல்லும். கார் ஓட்டுபவருக்கு ஒரு எச்சரிக்கை: சந்துகளின் இருபுறமும் புல் மூடிய வேலி போலத் தெரிவது உள்ளே முழுக் கருங்கல் சுவர். எதிரே வண்டி வந்தால் புல்தானே என்று ஒதுங்கினால் கதவு கிழியும். ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்டவோ அவர் பின்வாங்குவதுதான் அங்கே வழக்கம்.

மகன் வீட்டுக்கு லண்டன் வருகிறோம். பேரன்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகலாமா? கீவர், லெவன்ட், பொட்டாலக் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எது?
– சென்னை வாசகர்

கீவர். தயங்கவே வேண்டாம். அது இப்போது அருங்காட்சியகம். கடைசி நாள் வரை தொழிலாளர்கள் உடை மாற்றிய கூடம் அப்படியே இருக்கிறது. தாதுவை நொறுக்கி, ஆடும் மேசைகளில் தண்ணீர் ஓடவிட்டுக் கனமான வெள்ளீயத் தாதுவைப் பிரித்த ஆலைக்குள்ளும் நடந்து பார்க்கலாம். நிலத்தடிச் சுற்றில் காட்டுவது நவீன சுரங்கத்தை அல்ல, அதற்கும் முந்தைய காலத்தில் கையால் குடைந்த பாதைகளை. ஏணி கிடையாது, நடந்தே போகலாம். ஆனால் கூரை தாழ்வு, சில இடங்களில் பெரியவர்கள் இடுப்பை மடக்கித்தான் நகர முடியும். சுவரில் தண்ணீர் கசியும். தலைக்கவசமும் மேலங்கியும் அவர்களே தருவார்கள். விரல் தெரியும் செருப்பு மட்டும் போட்டுப்போகாதீர்கள். இடுப்பு வலி உள்ளவர், அடைத்த இடத்தில் மூச்சு முட்டுபவர் ஆலையோடு நின்றுகொள்வது நல்லது. வாரத்தின் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. சனிக்கிழமை வந்து இறங்கி நேரே அங்கே போகலாம் என்ற திட்டம் வேண்டாம்.

பேரன்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள். வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அது செய்கிற உலோகம் இதுதான். காரீயம் இல்லை, வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் இதையேதான். ஆலையில் ஆடும் மேசையின் விளிம்பில் கருப்பு மணலாக ஒதுங்குவது அதன் தாது என்று தெரிந்தால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

நேரம் மிஞ்சினால் கீவரிலிருந்து கால் மணி நேர நடையில் லெவன்ட். நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. 1840இல் செய்த நீராவி இயந்திரம் அதே கட்டடத்தில் நிற்கிறது. எந்த நாளில் நீராவி ஏற்றி ஓட்டுகிறார்கள் என்று பார்த்துப் போங்கள்; ஓடாத நாளில் சிறுவர்களுக்கு அது வெறும் இரும்பு. 1919 அக்டோபர் 20 அன்று, தொழிலாளர்களை ஏற்றி இறக்கிய ‘மேன் எஞ்சின்’ என்ற நீண்ட தண்டு மேல் இணைப்பில் அறுந்து 31 பேர் இறந்ததும் இங்கேதான். தண்டு மேலும் கீழும் ஆடும்; ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆள் அதன் படியிலிருந்து சுவர் மேடைக்கும், மேடையிலிருந்து அடுத்த படிக்கும் மாறி மாறிக் கால் வைத்து மேலே வர வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்டவருக்குச் சொல்லலாம்.

பொட்டாலக், பாறை விளிம்பில் கடலுக்கு மேல் நிற்கும் இரண்டு இயந்திரக் கட்டடங்களுக்குப் பேர்போனது. மேலிருந்து பார்ப்பதே போதும்; கீழே போகும் பாதை சரளையும் சரிவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1880இல் கோலார் தங்கவயலை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் எடுத்து நடத்தியபோது, மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் போனார்கள். அவர்களுக்குக் கீழே இறங்கி உடைத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். கோலாரில் உறவு உள்ள குடும்பம் என்றால் கீவரின் அந்த உடைமாற்றும் கூடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

கடலில் பிள்ளைகளை இறக்கலாமா? ஓதம் பார்க்கச் சொல்கிறார்கள், அட்டவணை புரியவில்லை.
– மில்டன் கீன்ஸ் வாசகி

குளிக்க ஒரே இடம் சென்னன் கோவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரில் கால் மணி. மணல் கடற்கரை, பருவ காலத்தில் ஆர்என்எல்ஐ என்ற கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் நிற்பார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு. ஆரஞ்சுத் துணிக்குழாய் பறந்தால் காற்றடித்த மிதவை எதையும் தண்ணீரில் போடக் கூடாது. கரைக்காற்று அதைப் பத்தே நிமிடத்தில் நீந்தி எட்ட முடியாத தூரத்துக்குத் தள்ளிவிடும். முழுச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீர் ஆகஸ்ட் கடைசியில்கூட சுமார் 17 டிகிரிதான். மெரினாக் கடலில் விளையாடிய பிள்ளை இதில் இருபது நிமிடத்தில் உதடு நீலமாகி நிற்கும். வெட்சூட் வாடகைக்கு எடுங்கள்.

இனி ஓதம். நமக்கு இது சுலபம்: அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். இந்தக் கரையில் அப்போது மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஐந்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். அடுத்த நாள் அதே நிலை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். ஆனால் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மட்டும் பாதி உயரம், அதாவது இரண்டரை மீட்டர் வந்துவிடும். முதல் மணி நேரத்தில் ‘மெதுவாகத்தானே வருகிறது’ என்று பாறை மூலையில் பாய் விரித்தவர்கள்தான் மூன்றாம் மணியில் மாட்டிக்கொள்கிறார்கள். வற்றத்துக்கு இரண்டு மணி முன்பு போய், வற்றம் கழிந்து ஒரு மணிக்குள் பாறைப் பக்கத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அட்டவணையில் சென்னன் கோவ் அல்லது நியூலின் பெயரைப் பாருங்கள். அடிக்குறிப்பில் ஜிஎம்டி என்றிருந்தால் கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

ஆறு வயதுக்குக் கேப் கார்ன்வாலுக்குக் கீழே உள்ள பிரீஸ்ட்ஸ் கோவ் நல்லது. பாறையில் கட்டிய ஒரு சிறு குளம். ஏற்றத்தில் கடல் அதை மூடிப் புதுத் தண்ணீர் விட்டுப்போகும், வற்றத்தில் அலையில்லாமல் நிற்கும். தரை வழுக்கும், ரப்பர் காலணி தேவை.

போர்த்தெராஸ் கோவ் வெள்ளை மணலாக ஆசை காட்டும். அங்கே வெறுங்காலோடு நடக்காதீர்கள். 1963இல் தரைதட்டிய அலாக்ரிட்டி என்ற கப்பலைப் பின்னாளில் வெடிவைத்துத் தகர்த்ததில், கூரான இரும்புத் துண்டுகள் மணலுக்குள் புதைந்து, காற்றுக்கும் அலைக்கும் அவ்வப்போது வெளியே வருகின்றன.

சென்னனிலும் வற்றத்தில் மணலுக்குள் வீவர் என்ற சிறு மீன் முள்ளை நீட்டிக்கொண்டு புதைந்திருக்கும். மிதித்தால் தேள் கொட்டியது போல் வலிக்கும். ஐஸ் வைக்காதீர்கள். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 40 டிகிரி வெந்நீரில் அரை மணியாவது காலை வைத்தால் விஷம் சிதைந்து வலி அடங்கும். பிள்ளையின் காலை வைக்குமுன் பெரியவர் கையை விட்டுச் சூடு பாருங்கள்.

மகன் கல் சேர்ப்பவன். பழைய சுரங்கக் குவியல்களில் பொறுக்கவிடலாமா?
– பர்மிங்ஹாம் வாசகர்

வேண்டாம். வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக்கும் கலந்திருக்கும். அதை உலையில் வறுத்து, ஆவியை வளைந்து வளைந்து போகும் நீண்ட புகைக்கூடத்தில் விட்டு, குளிர்ந்த சுவரில் படியும் வெள்ளைத் தூளைச் சுரண்டி விற்றார்கள். அந்தப் புகைக்கூடம் பொட்டாலக்கில் இன்னும் இருக்கிறது. புல் முளைக்காத செம்மண், சாம்பல் நிறத் திட்டுகளைப் பார்த்தால் அங்கே உட்காரக்கூட வேண்டாம். நடந்துவிட்டு வந்தால் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம். கைசுத்தத் திரவம் கிருமியைக் கொல்லும், ஆர்சனிக்கை எடுக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து பழைய குழிகள். கல்சுவர் கட்டிய வட்டத்துக்குள்ளோ, கூம்பு வடிவ இரும்பு வலைக்கு அடியிலோ ஆழமான சுரங்கக் குழி இருக்கிறது. வவ்வால்கள் போய்வருவதற்காகவே வலை போட்டிருக்கிறார்கள். முட்புதர் மூடிய இடத்தில் அடையாளம் எதுவும் தெரியாது. பாதையை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள், பந்து உருண்டால் போகட்டும்.

போர்த் நான்வென் கரையில் முட்டை போல உருண்ட கருங்கற்கள் குவிந்திருக்கும். ‘டைனோசர் முட்டைக் கரை’ என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், குதிப்பார்கள். எடுத்துவர மட்டும் தடை. கீவரில் கனிமங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், அங்கே பார்க்கட்டும்.

பாஸ்டி சாப்பிடலாமா? எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது.
– ஈஸ்ட் ஹாம் வாசகி

பாஸ்டி என்பது மாவுக்குள் பூரணம் வைத்து மடித்துச் சுட்ட பண்டம். ‘கார்னிஷ் பாஸ்டி’ என்ற பெயர் 2011 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அப்பெயரில் விற்றால் உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, மஞ்சள் டர்னிப், வெங்காயம். எனவே அந்தப் பெயர் உள்ள எதையும் கேட்காமலே விட்டுவிடலாம். சீஸும் வெங்காயமும் வைத்தது எங்கும் கிடைக்கும். ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு, “சைவமா?” என்று கேட்பதை விட, “மாவில் எந்தக் கொழுப்பு?” என்று கேளுங்கள்.

அவசரத்துக்கு மருத்துவம்?
– கார்டிஃப் வாசகர்

காயம், காய்ச்சலுக்கு என்எச்எஸ் மருத்துவ உதவி எண் 111இல் கேட்டுக்கொண்டு பென்சான்ஸில் உள்ள வெஸ்ட் கார்ன்வால் மருத்துவமனை. பெரிய அவசரப் பிரிவு ட்ரூரோவில்தான், ஒரு மணி நேர ஓட்டம். பாறையிலோ கடலிலோ யாராவது மாட்டினால் 999 அழைத்து ஆம்புலன்ஸ் கேட்காமல் ‘கோஸ்ட்கார்டு’ என்று கேளுங்கள். வீட்டின் அஞ்சல் குறியீட்டை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வராது.