தமிழ்நாட்டு எல்எல்ஆர் அத்திப்பள்ளி தாண்டினா செல்லாதா?

ஓசூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கார் ஓட்ட எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், எடுத்து நாலு மாசம் ஆச்சாம், வேலை எல்லையில இருக்கற அத்திப்பள்ளிய தாண்டி கர்நாடகா பக்கம் பொம்மசந்திரால, தினமும் மாமனார் கார எடுத்துட்டு போறாரு, பக்கத்து சீட்ல வீட்டம்மா. "அத்திப்பள்ளி தாண்டினா நம்ம எல்எல்ஆர் செல்லாது, கர்நாடகா போலீஸ் வண்டிய புடிச்சு வெச்சுக்குவாங்கன்னு ஆபீஸ்ல பயமுறுத்துறாங்க மேடம், நெஜமா? வீட்டம்மாகிட்ட லைசென்ஸ் இருக்கு, ஆனா டூவீலருக்கு மட்டும்தான்"னு எழுதியிருக்காரு.

தம்பி, ஆபீஸ்ல சொன்னது தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 13ஐ எடுத்துப் பாருங்க, லைசென்ஸ் மட்டும் இல்ல, எல்எல்ஆரும் இந்தியா முழுக்க செல்லும்னு அதுலயே இருக்கு. ஓசூர்ல குடுத்தது பெங்களூர்லயும் செல்லும், டெல்லிலயும் செல்லும்.

எனக்கு பதறுறது நீங்க கடைசியா எழுதின அந்த ஒரு வரிதான். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 3வது விதி என்ன சொல்லுதுன்னா, எல்எல்ஆர்ல ஓட்டறவர் கூட அதே வண்டிய ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருத்தர் இருக்கணும், அவரு வண்டிய கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியுற எடத்துல உக்காந்திருக்கணும். கார்னா கார் லைசென்ஸ் வேணும். வீட்டம்மாவோட டூவீலர் லைசென்ஸ் இந்தக் கணக்குல வராது, பக்கத்துல யாருமே இல்லாம ஓட்டின மாதிரிதான். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்ல, நம்ம பாகலூர் ரோட்டுல ஓட்டினாலும் இதே தப்புதான்.

புடிச்சா பிரிவு 181, 5,000 ரூபா அபராதம், 3 மாசம் வரைக்கும் ஜெயிலுக்கும் எடம் இருக்கு. இதுல மாமனாரும் மாட்டுவாரு, ஏன்னா வண்டி அவரு பேர்ல, தெரிஞ்சே சாவி குடுத்ததுக்கு பிரிவு 180ல அவருக்கும் அதே அளவு தண்டனை இருக்கு.

அபராதத்த கட்டிடலாம், ஆக்சிடென்ட் ஆச்சுன்னா அப்படி முடியாது. இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து யார் யார் ஓட்டலாம்னு சொல்ற டிரைவர் நிபந்தனைய (Driver's Clause) படிங்க, எல்எல்ஆர் உள்ளவரும் ஓட்டலாம், ஆனா விதி 3 படி இருக்கணும்னு போட்டிருப்பாங்க. 2004ல ஸ்வரன் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட், எல்எல்ஆர் வெச்சிருக்கறவரையும் லைசென்ஸ் உள்ளவராத்தான் பாக்கணும்னு சொல்லிடுச்சு, அதனால அடிபட்டவருக்கு எல்எல்ஆர்ங்கற ஒரே காரணத்த காட்டி கம்பெனி கை விரிக்க முடியாது. ஆனா நிபந்தனைய மீறியிருந்தா குடுத்த பணத்த மாமனார்கிட்ட திருப்பி வாங்க கேஸ் நடத்துவாங்க, உங்க கார் ரிப்பேர் பணமும் வராம போகலாம். லட்சக்கணக்குல வர்ற தொகை தம்பி, ரிட்டயர் ஆன மனுசன் எங்க போவாரு?

எல் போர்டும் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் வேணும். வெள்ளையில செவப்பு எழுத்து, 18 சென்டிமீட்டர் சதுரம். பின் கண்ணாடில மட்டும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினா பத்தாது.

எல்எல்ஆர் ஆறு மாசம்தான், உங்களுக்கு ரெண்டு மாசம் பாக்கி. 30 நாள் முடிஞ்சாலே டெஸ்டுக்கு போகலாம், நீங்க எப்பவோ போயிருக்கலாம், இன்னைக்கே பரிவாகன் சாரதி வெப்சைட்ல டெஸ்டுக்கு ஸ்லாட் போடுங்க. மாமனாருக்கு கார் லைசென்ஸ் இருந்தா காலைல அவர பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுங்க, திரும்பி வர்றப்பவும் அவரு கூட இருக்கணும், அது தினமும் ஆகாதுன்னா டெஸ்ட் பாஸ் ஆகி லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ் புடிச்சு போயிட்டு வாங்க.