அண்டர்டேக்கருக்கு எத்தனை உயிர்? கேள்வி பதில்

ரெஸ்லிங் நட்சத்திரம் அண்டர்டேக்கரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அவர் யாரை எப்படி அடித்தார் என்று கேளுங்கள். நீங்கள் உங்கள் தம்பியை எப்படி அடிக்கலாம் என்று கேட்காதீர்கள்.

கடைசி பெஞ்ச்: அண்ணே, அவருக்கு ஏழு உயிர்னு ஸ்கூல்ல சத்தியம் பண்ணிச் சொன்னாங்களே. எங்கிருந்து வந்துச்சு இந்தக் கதை?

கதையில் அவரைத் திரும்பத் திரும்பக் கொன்றார்கள், அதுதான் காரணம். 1994இல் ராயல் ரம்பிள் என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சியில் யோகோசூனா என்ற ரெஸ்லரும் கூட ஒரு கும்பலும் சேர்ந்து சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஆவி மேலே போவது மாதிரி பெரிய திரையில் காட்டினார்கள். ஆள் ஏழு மாதம் காணோம். 1996இல் மண்ணைப் போட்டுப் புதைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் மண்ணைக் கிழித்துக்கொண்டு கை வெளியே வந்தது. 1998இல் கதைப்படி தம்பியான கேன் சவப்பெட்டிக்குத் தீ வைத்தார். 2003இல் மறுபடி புதைத்தார்கள். 2005இல் ராண்டி ஆர்ட்டனும் அவர் அப்பாவும் மறுபடி பெட்டி, மறுபடி தீ. 2010இல் கேன் மறுபடி புதைத்தார்.

எண்ணிப் பாருங்கள், ஆறு சாவு. ஏழாவது உயிரோடு ஓய்வு பெற்றார். கணக்கு சரியாகத்தான் வருகிறது! என்ன, நாம் பள்ளிக்கூடத்தில் சத்தியம் செய்த காலத்தில் மூன்றுதான் நடந்திருந்தது. மிச்சத்தை அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்தார்களோ என்னவோ.

ஆளின் பெயர் மார்க் காலவே. பிறந்தது 24 மார்ச் 1965, டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டன். ஒரே உயிர்.

இட்லிப்பிரியன்: அண்டர்டேக்கர்னா வெட்டியானா சார்?

கிட்டத்தட்ட. சவப்பெட்டி முதல் அடக்கம் வரை எல்லா ஏற்பாட்டையும் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறவர். கூடவே பானையைத் தூக்கிக்கொண்டு வருவாரே அவருடைய மேனேஜர் பால் பேரர், அவர் பெயரைச் சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் பாடை தூக்குகிறவர் என்று வரும். வேடிக்கை என்னவென்றால், வில்லியம் மூடி என்கிற அந்த மனிதர் நிஜமாகவே பிணத்தைப் பதப்படுத்தும் தொழிலுக்கு உரிமம் வாங்கியவர். 2013 மார்ச்சில் இறந்துபோனார்.

உடுமலையான்: இந்த வேஷத்துக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? எடுத்ததுமே ஸ்டாரா?

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இல்லை. கல்லூரியில் கூடைப்பந்து ஆடினவர். 1987இல் டல்லாஸில் முகமூடி போட்டு 'டெக்ஸாஸ் ரெட்' என்ற பெயரில் முதல் மேட்ச். எதிரே ப்ரூஸர் ப்ரோடி என்ற முரடர். தோற்றார். மெம்ஃபிஸ் பக்கம் போய் 'மாஸ்டர் ஆஃப் பெயின்', மறுபடி டெக்ஸாஸில் 'பனிஷர்' என்று பெயர் பெயராக மாற்றினார். அப்புறம் டபிள்யூசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பெனியில் 'மீன் மார்க்'. உன்னைப் பார்க்க யாரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்க மாட்டார்கள் என்று அங்கே ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1990இல் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) அழைத்தது. அப்போது டிவியில் வாராவாரம் ஒரு ராட்சத முட்டையைக் காட்டி, இதற்குள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த முட்டைக்குள்ளிருந்து வரப்போவது நாம்தானோ என்று மார்க்குக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது. நல்ல வேளை. 22 நவம்பர் 1990, ஹார்ட்ஃபோர்டு, சர்வைவர் சீரீஸ் நிகழ்ச்சி. அதே இரவில் முட்டை உடைந்து வான்கோழி வேஷத்தில் ஒருவர் வந்தார், அரங்கமே 'ஊ' என்றது. அண்டர்டேக்கர் வந்தபோது அந்தச் சத்தம் இல்லை.

அந்த வீடியோவை மறுபடி பாருங்கள். டெட் டிபியாஸி என்ற ரெஸ்லர் இவரை அறிமுகம் செய்கிறார். அகலத் தொப்பி, கறுப்பு அங்கி, சாம்பல் நிறக் கையுறை. மற்ற எல்லாரும் அந்தக் காலத்தில் ஓடி வருவார்கள், கையைத் தூக்குவார்கள், கத்துவார்கள். இவர் நடக்கிறார், அவ்வளவுதான். முன்வரிசையில் இருக்கிற பையன்களின் வாய் திறந்தபடி நிற்கிறது. கோகோ பி. வேர் என்ற பாவப்பட்ட மனிதர் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அண்டர்டேக்கரோ அடி வாங்கினால் வலிப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை, கண்ணை உருட்டினார், நாக்கை நீட்டினார், முடிந்தது. குறைவாகச் செய்தே முப்பது வருடம் சம்பாதித்தவர் அவர்.

ட்ரம்ப் கார்டு மன்னன்: உண்மையான உயரம் எவ்வளவு?

6 அடி 10 அங்குலம் என்று அறிவிப்பார்கள். ரெஸ்லிங்கில் அறிவிக்கும் உயரத்தையும் கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளத்தையும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

பேருந்துப் பயணி: அக்‌ஷய் குமார் அண்டர்டேக்கரைத் தலைக்கு மேல தூக்கினாரே, அது எப்படி?

தூக்கினார். ஆனால் அது அண்டர்டேக்கர் இல்லை. 1996இல் வந்த 'கில்லாடியோன் கா கில்லாடி' படத்தில் அந்த வேஷம் போட்டவர் பிரையன் லீ. மேலே சொன்ன 1994 சாவு ஞாபகம் இருக்கிறதா? ஆள் இல்லாத அந்த ஏழு மாதத்தில், நான்தான் அண்டர்டேக்கரைத் திரும்பக் கொண்டுவந்தேன் என்று டிபியாஸி ஒரு போலியைக் கூட்டி வந்தார். சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் அசலும் போலியும் மோதி, அசல் வென்றது. அந்தப் போலிதான் இந்த பிரையன் லீ. ரிங்கில் எடுபடாத வேஷம் பம்பாயில் எடுபட்டது.

பேருந்துப் பயணி: இல்ல சார், எங்க மாமா தியேட்டர்ல பார்த்தாரு, டைட்டில்லயே அண்டர்டேக்கர்னு போட்டாங்களாம்.

பாத்திரத்தின் பெயர் அது. மாமாவிடம் சொல்லுங்கள், 2021இல் அக்‌ஷய் குமாரே இது பிரையன் லீ என்று எழுதிவிட்டார்.

இரவுக்காவலன்: எல்லாமே டூப்பு. இதுக்குப் போய் கேள்வி பதிலா?

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. ஆமாம், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. கீழே விழுவது மட்டும் டூப்பு இல்லை. 28 ஜூன் 1998, பிட்ஸ்பர்க். 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தள்ளினார். வர்ணனையாளர் மேசை மேல் விழுந்து மேசை தூளானது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது ஃபோலி இறங்கி வந்து மறுபடி கூண்டின் மேல் ஏறினார். இந்த முறை சோக்ஸ்லாம், அதாவது கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடிப்பது. கூரைக் கம்பிவலை பிய்த்துக்கொண்டு, ஃபோலி நேரே ரிங்கில் விழுந்தார். முதல் விழுகை திட்டம், இரண்டாவது விபத்து. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்து, உடைந்த பல் மூக்குக்குள் போய்ச் சிக்கியது. ஃபோலி செத்துவிட்டார் என்றே நினைத்ததாக அண்டர்டேக்கர் பின்னால் சொன்னார். அன்று அவருக்கே பாதத்தில் எலும்பு முறிவு. டூப்பு என்று சொல்கிறவர் மொட்டை மாடியிலிருந்து... வேண்டாம், சொல்ல மாட்டேன், யாராவது செய்து தொலைப்பார்கள்.

மாடிவீட்டு மைனர்: டூம்ஸ்டோன் போட்டா தலை உடையாதா? டெக்னிக் சொல்லுங்க, ஃப்ரெண்டுகிட்ட ட்ரை பண்ணணும்.

நிபந்தனையைப் படிக்கவில்லை நீங்கள். டூம்ஸ்டோன் என்பது எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி மண்டியிட்டு விழும் அவருடைய பிரபல அடி. விவரம் சொல்கிறேன், செய்துபார்க்க அல்ல. தலைகீழாகத் தூக்கப்பட்டவரின் தலை, தூக்கியவரின் முழங்காலுக்கு மேலே, தொடைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். முழங்கால்தான் தரையைத் தொடும், தலை தொடாது. நடுவில் இருப்பது சில அங்குல இடைவெளி. 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் இதே பிடியில் மண்டியிடாமல் உட்கார்ந்தவாக்கில் விழுந்தார், ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து போனது. சில நிமிடம் கை கால் அசையவில்லை. பிறகு இந்த வகை அடிகளையே கம்பெனி தடை செய்தது. அண்டர்டேக்கருக்கும் கேனுக்கும் மட்டும் விலக்கு. அந்தக் கம்பெனியே மற்ற ரெஸ்லர்களை நம்பவில்லை, நீங்கள் எந்த தைரியத்தில் ஃப்ரெண்டைத் தூக்குகிறீர்கள்?

நெல்லை அல்வா: கேன் சொந்தத் தம்பியா?

இல்லை, கதையில் மட்டும்தான். நிஜப் பெயர் க்ளென் ஜேக்கப்ஸ். 2018இல் டென்னசி மாநிலம் நாக்ஸ் கவுன்ட்டிக்கு மேயர் ஆனார்.

பச்சைத்தமிழன்: ஏழு உயிர்னு சொல்றாங்களே...

மேலே.

வடபழனி வாசகன்: ராக்கா, ஸ்டோன் கோல்டா, யார் பெரியவர்?

அது வேறு திண்ணை.

பழைய ரசிகன்: 2014ல லெஸ்னரிடம் தோற்க வைத்தது அநியாயம். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

விவரம் தெரியாதவர்களுக்காக: ரெஸில்மேனியா என்ற வருடாந்தரத் திருவிழாவில் 1991 முதல் 2013 வரை அவர் தோற்றதே இல்லை. 21 வெற்றி. முதல் பத்து வரை யாரும் பெரிதாகக் கணக்கு வைக்கவில்லை. 2002இல் ரிக் ஃப்ளேரை வென்றபின் பத்து விரலை விரித்துக் காட்டினார், அப்புறம்தான் அது ஒரு சொத்தாக ஆனது. 6 ஏப்ரல் 2014, நியூ ஆர்லியன்ஸில் ப்ராக் லெஸ்னர் உடைத்தார். நடுவர் மூன்று எண்ணியதும் அரங்கத்தில் சத்தமே இல்லை. திரையில் '21-1' என்று வருகிறது, ஒருவர் தலையில் கை வைத்து உறைந்துபோய் நிற்கிறார். மேட்ச் நடுவே தலையில் அடிபட்டு, அன்று நடந்தது அண்டர்டேக்கருக்கே நினைவில்லை.

தோற்றது அநியாயம் இல்லை. போகிறவன் வருகிறவனிடம் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். என் வருத்தம், லெஸ்னர் 'வருகிறவன்' இல்லை என்பதுதான். அவர் ஏற்கெனவே எல்லாம் பார்த்தவர்.

ரிங் ஓரம்: ஒத்துக்க முடியாது. சின்னப் பையன் ஜெயிச்சிருந்தா யாருமே நம்பியிருக்க மாட்டாங்க. லெஸ்னர்னா நம்பலாம்.

நம்பும்படி இருந்ததுதான் குறை என்கிறேன். அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

பழைய ரசிகன்: யாருமே உடைச்சிருக்கக் கூடாது. 21-0ன்னு கல்வெட்டுல வெச்சிருக்கணும்.

கல்வெட்டில் வைத்தால் யாருக்கு லாபம்?

ரிங் ஓரம்: ரோமன் ரெய்ன்ஸ்?

2017இல் அவரும் ஜெயித்தார். அன்று அண்டர்டேக்கர் கையுறை, அங்கி, தொப்பி மூன்றையும் ரிங் நடுவில் மடித்து வைத்துவிட்டுப் போனார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அது இரண்டாவது தோல்வி. இரண்டாவது தோல்விக்கு என்ன மதிப்பு? 2015இல் எதிரே நின்ற ப்ரே வயட்டுக்கு அந்த முதல் தோல்வியைக் கொடுத்திருந்தால் பையன் எங்கேயோ போயிருப்பான் என்பது என் கட்சி.

பழைய ரசிகன்: ஷான் மைக்கேல்ஸாலயே முடியல, ப்ரே வயட்டா?

2009 ஹூஸ்டன் மேட்சைச் சொல்கிறீர்கள். சொந்த ஊரில் ஆடியது, அவர் ஆட்டங்களிலேயே சிறந்தது, மறுப்பில்லை. மைக்கேல்ஸ் ஜெயித்திருந்தாலும் எனக்கு இதே வருத்தம்தான் இருந்திருக்கும். அவரும் எல்லாம் பார்த்தவர். சரி, இதற்கு மேல் தனியாகப் பேசிக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோவைக் குசும்பன்: அவருக்கு எதைக் கண்டாலாவது பயம் உண்டா?

வெள்ளரிக்காய். விளையாட்டில்லை.

தேனி மலை: காளி அவரை அடிச்சது நிஜமா?

2006 மே, ஜட்ஜ்மென்ட் டே நிகழ்ச்சி. நம் நாட்டு ரெஸ்லர் கிரேட் காளி ஜெயித்தார். ஆகஸ்ட்டில் அண்டர்டேக்கர் கணக்கைத் தீர்த்தார்.

அக்கம்பக்கம்: அண்டர்டேக்கர் இறந்துட்டார்னு வீடியோ வந்திருக்கே, கறுப்பு வெள்ளைப் போட்டோ, பூமாலை எல்லாம் போட்டு.

அந்த மாதிரி வீடியோவைத் திறக்காதீர்கள், பகிராதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? 22 நவம்பர் 2020இல், ஹார்ட்ஃபோர்டில் அறிமுகமாகிச் சரியாக முப்பது வருடம் கழித்து ரிங்கிலிருந்துதான் விடைபெற்றார். 2022இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஒரு பூமாலைப் படத்துக்கு நீங்கள் தருகிற ஒரு தட்டுக்காக அவரை மாதாமாதம் கொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழம்: அண்ணா, ஏழு உயிர்...

மேலே, மேலே.

இரண்டு பையன்களின் அம்மா: பெரியவனுக்கு ஒன்பது வயசு. பழைய வீடியோ எல்லாம் பார்த்துட்டு மெத்தையில சின்னவனைத் தலைகீழாத் தூக்குறான். திட்டியும் கேக்கல. என்ன பண்றது?

மெத்தை இருந்தாலும் கூடாது அம்மா, மெத்தை கழுத்தைக் காப்பாற்றாது. அந்த ஓவன் ஹார்ட் கதையை அவனுக்கு அப்படியே சொல்லுங்கள், ஒன்பது வயதுக்குப் புரியும். அண்டர்டேக்கராக இருக்க ஆசை என்றால் நடையைப் பழகட்டும். ராத்திரி ஹால் விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் கறுப்புத் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலிலிருந்து அடுப்படி வரை சிரிக்காமல், இமைக்காமல், நான்கு நிமிடம் எடுத்து நடக்க வேண்டும். சின்னவன் மணி அடிக்கட்டும். முதல் நாள் பாதி ஹாலுக்குள் சிரித்துவிடுவான்.