லூவர் போக முன்: வெள்ளவத்தையிலிருந்து சில கேள்விகள்

மகள் பரிஸில் இருப்பதால் அங்குள்ள லூவர் அருங்காட்சியகத்துக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். அதனால் இந்தப் பக்கத்தில் யார் பரிஸ் கிளம்பினாலும் என்னைத்தான் பிடிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் நேரம். போகலாமா?

செவ்வாய் பூட்டு, தம்பி. புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், வெள்ளி பின்னேரம் போங்கள். பரிஸின் லாச்சப்பல் பக்கம் தங்கினால் 2ஆம் இலக்க மெட்ரோவில் அடுத்த தரிப்பான ஸ்டாலின்கிராட்டில் இறங்கி 7க்கு மாறுங்கள். லூவருக்கான தரிப்பு பலே ருவயால் நேரே வரும்.

மோனா லிசாவைப் பார்த்தால் போதாதா?

பார்க்கலாம், ஆனால் ஆடிவேல் தேருக்கு முன்னால் நிற்பதுபோல்தான். 77 செ.மீ. உயரப் படம், கண்ணாடிக்குள். உங்களுக்குத் தெரிவது முன்னால் தூக்கிய போன்கள். அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவர் முழுக்க இத்தாலிய ஓவியர் வெரோனேசே வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட 10 மீற்றர் அகலம். வலது பக்கம் கீழே ஒரு பூனை சாடியைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க யாருமே முண்டியடிப்பதில்லை!

அரண்மனை என்கிறார்களே, அது எங்கே?

நல்ல கேள்வி, அக்கா. பலர் இதைத் தவறவிட்டுத்தான் வருகிறார்கள். லூவர் கட்டடமே பழைய அரண்மனைதான். அதன் சுல்லி என்ற பகுதியில் நிலத்தடிக்கு இறங்குங்கள். 1190 அளவில் பிலிப் மன்னன் கட்டத் தொடங்கிய கோட்டையின் அடிச்சுவரும் அகழியும் அங்கே இருக்கின்றன. கல்லில் கொத்தர்கள் வெட்டிய இதய வடிவ அடையாளத்தை நானே தேடிப் பிடித்தேன். அப்புறம் ரிஷ்லியு என்ற பகுதியில் மூன்றாம் நெப்போலியன் காலத்து மண்டபங்கள்: சிவப்பு வெல்வெட், தங்கப்பூச்சு, பெரிய சரவிளக்கு. 1980களின் கடைசி வரை நிதி அமைச்சு அங்கேதான் இருந்தது. வரிக் கணக்குப் பார்க்க என்ன இடம்! 14ஆம் லூயி மன்னன் 1682இல் வெர்சாய் அரண்மனைக்குப் போய்விட்டான். 1793இல் லூவர் பொதுமக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறந்தது.

சோழர் சிலை ஏதும் உண்டா?

அங்கே தேடாதீர்கள். ஆசியப் பொருட்கள் 1945இல் பரிஸிலேயே உள்ள கிமே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நடராசரைப் பார்க்க கிமேக்குப் போங்கள், 9ஆம் இலக்க மெட்ரோ, இயேனா தரிப்பு. அதுவும் செவ்வாய் பூட்டு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிப்பாரா?

சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். வாசலில் உள்ள கண்ணாடிப் பிரமிட்டுக்குள் இறங்க லிஃப்ட் உண்டு.

டிக்கெட்?

2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகும் நம்மவர்களுக்கு 32 யூரோ. 18 வயதுக்குக் கீழ் இலவசம். ஆனாலும் பிள்ளைகளுக்கும் நேரம் பதிவு செய்துவிடுங்கள்.