மால்டாவுக்குப் போகலாமா?

அன்புள்ள அக்கா,

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மால்டாவில் வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். சின்னத் தீவு, எல்லாரும் இங்கிலீஷ் பேசுவார்கள், குளிரே கிடையாது, ஒரு மாதத்தில் பழகிவிடும் என்கிறார். கொஞ்ச நாளில் பாஸ்போர்ட்டே கிடைக்கும் என்றும் சொல்கிறார். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். நீங்கள் அங்கே ஐந்து வருடம் இருந்திருக்கிறீர்கள். போகலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

பாஸ்போர்ட் பேச்சை முதலிலேயே தள்ளிவிடலாம். 2014 முதல் பெரும் பணக்காரர்களுக்கு மால்டா குடியுரிமை விற்றது உண்மை. 2025 ஏப்ரலில் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேலைக்குப் போகிற உங்களுக்கும் அதற்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை. இதை ஆசை காட்டி ஒருவர் பேசினால் அவர் சொல்லும் மற்றதையும் இரண்டு முறை விசாரியுங்கள்.

சின்னத் தீவு என்பது சரி. மொத்த நாடும் 316 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. அதில் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஜனம். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, சாலையெல்லாம் கார். அங்கே குடியிருப்பவர்களுக்கு பஸ் இலவசம், ஆனால் ஏழு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. வண்டி நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் போகும்.

குளிரே கிடையாது என்று எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஜனவரியில் வெளியே பகலில் 15, 16 டிகிரி இருக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும். குளிர் இருப்பது வீட்டுக்குள். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள் அவை. கல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வீட்டைச் சூடாக்க ஏற்பாடு எதுவும் பெரும்பாலும் இருக்காது. முதல் டிசம்பரில் பீரோவைத் திறந்தால் என் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பு நெடுகப் பச்சையாகப் பூஞ்சை. அப்புறம்தான் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம். ஒரு நாளைக்கு இரண்டு முறை அதன் வாளியைக் கொட்டுவேன், அவ்வளவு தண்ணீர். இட்லி மாவு புளிக்காது. ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் ராத்திரி முழுக்க எரியவிட்டால் பொங்கும். வீடு பார்க்கும்போது கட்டிலையும் சோபாவையும் விடுங்கள். பீரோவை நகர்த்தி அதன் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

ஆறு கிடையாது. குழாயில் வருவதில் பாதிக்கு மேல் உப்பு நீக்கிய கடல்நீர், குடிக்க நாங்கள் பாட்டில்தான் வாங்கினோம். ஆனால் பழைய வீடுகளுக்கு அடியில் மழைநீரைச் சேர்க்கும் தொட்டி ஒன்று இருக்கும், அதை ‘பீர்’ என்பார்கள். கீழ்வீட்டில் இருந்த எங்கள் வீட்டுக்காரப் பாட்டி இன்னமும் அதிலிருந்து வாளியில் இறைத்துத்தான் செடிக்கு ஊற்றுவார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சில சொற்களில் அதுவும் ஒன்று.

இங்கிலீஷ் பற்றி நான் சொல்ல நினைப்பது இனிமேல்தான். ஆபீஸ், வங்கி, கடை எல்லா இடத்திலும் இங்கிலீஷ் போதும். அது அங்கே ஆட்சிமொழி. நானும் இரண்டு வருடம் அதை வைத்தே ஓட்டினேன். எல்லாரும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள், பிறகு திரும்பி அவர்களுக்குள் மால்டி பேசினார்கள். நான் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் பாட்டிக்கு நல்ல காய்ச்சல். மகன் அதே நாட்டின் இன்னொரு தீவான கோஸோவிலிருந்து படகு பிடித்து வர வேண்டும். அதுவரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தினமும் என்னோடு சரளமாக இங்கிலீஷ் பேசியவர், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு “இல்மா, இல்மா” என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மகளா, தங்கையா என்று யோசித்துக்கொண்டு கையைப் பிடித்தபடி கால் மணி நேரம் இருந்துவிட்டேன். மகன் வந்து காதால் கேட்டதுமே டம்ளரை எடுத்தார். இல்மா என்றால் தண்ணீர்.

அந்த வாரமே மால்டி வகுப்பில் சேர்ந்தேன். அரபு வழி வந்த மொழி, எழுதுவது ரோமன் எழுத்தில். நான் நாகப்பட்டினத்துக்காரி. “இந்த துனியாவிலே”, “கல்பு தாங்கலே” என்று பக்கத்து வீட்டு உம்மா பேசிக் கேட்டு வளர்ந்தவள். அங்கே உலகத்துக்கு ‘தின்யா’. இதயத்துக்கு எழுத்தில் அதே கல்பு, பேச்சில் முதல் எழுத்து தொண்டைக்குள் போய் ‘அல்ப்’ என்று கேட்கும். கத்தோலிக்கர்கள் மாதா கோயிலில் கடவுளை ‘அல்லா’ என்கிறார்கள். தவக்காலத்துக்குப் பெயர் ‘ரண்டான்’, நம் ரமலானேதான்! இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அதன்பின் அந்த வீட்டில் நான் கதவைத் தட்டியதே இல்லை.

நீங்கள் நர்ஸ். அங்கே உங்கள் கையில் வரப்போகிறவர்களில் பலர் அந்தப் பாட்டி வயதுக்காரர்கள். காய்ச்சலிலும் மறதி நோயிலும் அவர்களுக்கு மிஞ்சுவது மால்டிதான். இல்மா, அப்புறம் வலிக்கு ‘உஜீஹ்’. இந்த இரண்டையாவது விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். மகளைப் பற்றி இந்த விஷயத்தில் கவலை வேண்டாம். பள்ளியில் இரண்டு மொழியும் உண்டு, ஒரு வருடத்தில் உங்களுக்கே சொல்லித் தருவாள்.

ஆனால் அவளை உடனே கூட்டிப்போக முடியுமா என்பதை ஏஜென்ட் வாயால் கேட்டு நம்பாதீர்கள். குடும்பத்துக்கு அனுமதி தனி, அதற்கு வருமான நிபந்தனையும் உண்டு. உங்கள் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை மாற வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, இதில்தான் நம் பெண்கள் பலர் ஏமாறுகிறார்கள்: அங்கே நர்ஸாக வேலை செய்ய அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். அது இல்லாதவர்களைக் ‘கேரர்’ என்ற பெயரில் எடுத்து, முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டவும் ஊட்டவும் வைப்பார்கள். மதிப்பான வேலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் வேறு, ஒன்பது வருட அனுபவமும் கணக்கில் வராது.

ஏஜென்டிடம் பணம் எதுவும் கொடுக்காதீர்கள். முதலில் ஒப்பந்தத்தை வாங்கி, அதில் உங்கள் வேலைக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். போகலாமா என்பதற்குப் பதில் அதற்கப்புறம்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா