மலேரியா நேரத்துக் கொலஸ்ட்ரோல் அளவை வைத்துக் கலங்க வேண்டாம்

சகோதரி, உகண்டாவிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பிய கணவருக்கு மலேரியா, அத்துடன் எச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ரோல் மிகக் குறைவு, ட்ரைகிளிசரைட் எனும் குருதிக் கொழுப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேரியாவில் இது அடிக்கடி காணப்படும் மாற்றந்தான். தொற்றோடு போராடும்போது உடல் கொழுப்பைக் கையாளும் விதமே மாறுகிறது. மலேரியாக் கிருமியான ஒட்டுண்ணியும் தன் சவ்வுகளைக் கட்ட நம் குருதியிலுள்ள கொழுப்பையே எடுத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்டிஎல்லும் இறங்கியிருக்கும், அதை நற்செய்தி என்று எண்ணிவிடாதீர்கள்! குணமாகிச் சில வாரங்கள் கழிந்தபின், 12 மணிநேரம் சாப்பிடாமல் இருந்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். அவர் ஏற்கெனவே கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுப்பவரென்றால், நீங்களாக நிறுத்த வேண்டாம். மலேரியா மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடாமல் முடிப்பதுதான் இப்போது முக்கியம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றாலும், அதைப் பரப்பும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. அது அவரைக் கடித்துப் பிறருக்குப் பரப்பாதிருக்க, அவருக்குக் கட்டாயம் நுளம்பு வலை கட்டுங்கள்.