நண்டுக் கணக்கில் ஒரு சமன்பாடு: டீச்சர் பதில்கள்

மண்டபம் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். நண்டு கிலோ 400 ரூபாய். டீசலுக்கு 1200 போக, கையில் நின்றது 2000. பிடித்தது ந கிலோ என்றால்:

400ந − 1200 = 2000

பாம்பன், எட்டாம் வகுப்பு: டீச்சர், இதில் எதற்கு என்ன பெயர்?

ந மாறி, தம்பி; மதிப்பு மாறக்கூடிய, நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண். அதை ஒட்டி நிற்கும் 400 கெழு. எழுத்தில்லாமல் தனியாக நிற்பவை மாறிலிகள். கூட்டல், கழித்தல் குறிகளால் பிரிந்து நிற்கும் துண்டுகள் உறுப்புகள்; இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ந = 8 என்று போட்டால் இரு பக்கமும் சரியாகும்; அது தீர்வு.

தங்கச்சிமடம்: மாறிலி 1200 என்று எழுதினேன், மார்க் போச்சு. ஏன் டீச்சர்?

இடப்பக்கத்து மாறிலி −1200, பாப்பா. டீசலுக்குப் போன காசு அது. குறியை விட்டுவிட்டால் வந்த காசாகிவிடும். ஒவ்வொரு உறுப்பையும் முன்னால் உள்ள குறியோடு சேர்த்து வட்டம் போட்டுப் பழகு.

சின்னப்பாலம்: நான் பாசி எடுக்கப் போறவ. மகனுக்குச் சொல்லிக்கொடுக்கணும். 400ந என்றால் 400 நண்டுதானே?

இல்லைக்கா. பிள்ளைகள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். ந என்பது நண்டு இல்லை, எத்தனை கிலோ என்கிற எண். 400 ஒரு கிலோவின் விலை. இரண்டையும் பெருக்கினால் ரூபாய் வரும். நடுவில் பெருக்கல் குறி எழுதும் வழக்கமில்லை, அதனால்தான் ஏதோ பொருளின் பெயர் மாதிரித் தெரிகிறது. உங்கள் பாசியையே எடுங்கள். எடை தினமும் மாறுகிறது, அது மாறி. வியாபாரி சொல்லும் கிலோ விலை கெழு. மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வான்.

கீழக்கரை: எண்ணே இல்லாமல் ந மட்டும் இருந்தால் கெழு பூஜ்ஜியமா?

இல்லை, கெழு 1. −ந என்றால் கெழு −1. பூஜ்ஜியம் போட்டால் அந்த உறுப்பே இருக்காது.

ஏர்வாடி: புத்தகத்தில் எக்ஸ் அல்லவா இருக்கிறது?

தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த் எழுதிய நூலிலிருந்து பரவியது. எந்த எழுத்தும் ஆகும். பரீட்சையில் மட்டும் கேள்வியில் உள்ள எழுத்தையே எழுதுங்கள்.

தேவிபட்டினம்: 400ந − 1200 மட்டும் சமன்பாடா?

இல்லை, அது கோவை, அதாவது சமக்குறி இல்லாமல் உறுப்புகள் மட்டும் சேர்ந்தது. சமக்குறி வந்தால்தான் சமன்பாடு. அந்தக் குறியை 1557இல் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். பல பிள்ளைகள் அதை ‘இனி விடை’ என்று படிக்கிறார்கள். இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு. 2000 = 400ந − 1200 என்று திருப்பி எழுதுங்கள், அதே சமன்பாடுதான்.